புள்ளி இல்லாத எழுத்து

ஊசிமுனை வரலாறு – 17

(சென்ற இதழில்: 1921-ல் பாரிஸில் ஒரு குழந்தைக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட பிசிஜி, 1948-ல் இந்தியாவுக்கு வந்து, கிண்டியில் தனக்கென ஓர் ஆய்வகத்தைப் பெற்ற கதை.)

சென்னையிலிருந்து கும்பகோணம் போகும் பேருந்து, சேத்தியாத்தோப்பைத் தாண்டி மீன்சுருட்டியில் நிற்கும். அரியலூர் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்து ஊர். ஜெயங்கொண்டம் போகிறவர்களும் காட்டுமன்னார்கோவில் போகிறவர்களும் வண்டி மாறும் இடம். இன்னும் கொஞ்ச தூரம் போனால் கங்கைகொண்ட சோழபுரத்து விமானம் தெரியும்.

2022 மார்ச் 16 அன்று, 12 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கொரோனா தடுப்பூசி போடும் பணி நாடு முழுக்கத் தொடங்கியது. 2008, 2009, 2010-ஆம் ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகள் அவர்கள். சென்னைப் பிள்ளைக்கும் மீன்சுருட்டிப் பிள்ளைக்கும் அரசு கொடுத்த மருந்து ஒன்றுதான்: ஹைதராபாத்தின் பயலாஜிக்கல் ஈ நிறுவனம் தயாரித்த கோர்பிவாக்ஸ். 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணை.

தவணைக்கு அரை மில்லி. அந்த அரை மில்லிக்குள் என்ன இருந்தது என்று பார்ப்பதுதான் இந்த வாரத்துக் கதை. கொரோனா கிருமியின் முள்ளிலிருந்து எடுத்த புரதம் 25 மைக்ரோகிராம். அலுமினிய உப்பு, அலுமினியக் கணக்கில் 750 மைக்ரோகிராம். மூன்றாவதாக, ‘சிபிஜி 1018’ என்று ஒரு பொருள். அதுவும் 750 மைக்ரோகிராம். உடம்புக்கு அடையாளம் காட்ட வேண்டிய புரதம் 25 பங்கு. கூட வந்த துணை ஒவ்வொன்றும் அதைப்போல் 30 மடங்கு.

அந்த மூன்றாவது பொருள் ஒரு டிஎன்ஏ துண்டு. எந்த உயிரிலிருந்தும் எடுத்ததல்ல. ஆலையில் எழுத்துக்கு எழுத்து கோத்துச் செய்தது. நீளம் 22 எழுத்துகள். மீன்சுருட்டிப் பிள்ளையின் தோளுக்கு அது வந்து சேர்ந்த வழியில் பிரான்சின் குதிரைகளும், திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களும், டோக்கியோவின் ஆய்வகம் ஒன்றும் இருக்கின்றன.

ஜவ்வரிசியும் படிகாரமும்

சித்த மருத்துவத்தில் அனுபானம் என்று ஒன்று உண்டு. சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடு, வெந்நீரில் கொடு, நெய்யில் கொடு என்பார்கள். மருந்து வேறு, அதை உடம்பில் ஏற வைக்கும் துணை வேறு. தடுப்பூசிக்கும் அப்படி ஒரு துணை தேவை என்பதை முதலில் கண்டவர் கஸ்தோன் ரமோன் என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர்.

1920-களில் அவர் பாஸ்டர் நிறுவனத்துக்காகக் குதிரைகளிடமிருந்து தொண்டை அடைப்பான் நோய்க்கான எதிர்மருந்தைத் தயாரித்துக்கொண்டிருந்தார். செயலிழக்கச் செய்த நச்சைக் குதிரைக்கு ஊசியில் போடுவார்கள். அதன் குருதியில் ஊறும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுப்பார்கள். ஊசி போட்ட இடத்தில் வீங்கிச் சீழ் கட்டிய குதிரைகளிடம் எதிர்ப்பொருள் அதிகமாக இருந்ததை ரமோன் கவனித்தார். அப்படியானால் வீக்கத்தை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்கலாமே? ஊசி மருந்தில் ரொட்டித் தூளைக் கலந்தார். மரவள்ளி மாவையும் கலந்தார். நம் ஊரில் ஜவ்வரிசியாக உருள்கிற அதே மாவு. எதிர்ப்பொருள் கூடியது. 1926-ல் இங்கிலாந்தில் அலெக்சாண்டர் கிளென்னி படிகாரத்தைச் சேர்த்துப் பார்த்தார். அதுவும் பலித்தது.

படிகாரத்தின் வழிவந்த அலுமினிய உப்புகள் அன்று தடுப்பூசிக்குள் நுழைந்தவை. இன்றும் பிள்ளைகளுக்குப் போடும் முத்தடுப்பு ஊசியில் இருக்கின்றன. அவை ஏன் வேலை செய்கின்றன என்பது மட்டும் பல பத்தாண்டுகள் யாருக்கும் விளங்கவில்லை. 1989-ல் சார்லஸ் ஜேன்வே என்ற அமெரிக்க அறிவியலாளர், தம் துறை இந்தக் கேள்வியை மூடி மறைத்தே வந்திருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னார். புதிதாக ஒன்று நுழைந்தது என்பதற்காக மட்டும் உடம்பு கிளர்ந்து எழுவதில்லை. நுழைந்தது கிருமிதான் என்று காட்டும் தனி அடையாளம் ஒன்று வேண்டும். அதைப் படிக்கும் காவலர்கள் நம் உயிரணுக்களில் இருந்தாக வேண்டும் என்பது அவர் ஊகம்.

அந்த அடையாளங்களில் ஒன்றை டோக்கியோவில் ஒரு குழு அப்போதே கையில் வைத்திருந்தது. அது கிடைத்தது நமக்குப் பழக்கமான பிசிஜி-யிலிருந்து.

திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமங்களில்

டோக்கியோ போகும் முன் நம் வீட்டு வாசலை ஒரு முறை பார்த்துவிடலாம். பிசிஜி-யை நாடெங்கும் போடும் திட்டத்தை 1955-ல் ராஜாஜி கடுமையாக எதிர்த்ததைச் சென்ற இதழில் கண்டோம். அது பயன் தருகிறதா, இல்லையா? ஊகத்தை விட்டு எண்ணிப் பார்த்துவிடுவது என்று முடிவானது. அதற்கான களம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர்ப் பகுதி. 1968-ல் தொடங்கி 1971 வரை சுமார் 2,60,000 பேருக்கு பிசிஜி-யோ மருந்தில்லாத ஊசியோ போடப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து நடத்திய ஆய்வு. தடுப்பூசி வரலாற்றின் மிகப் பெரிய கள ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979-ல் வெளிவந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பிசிஜி தடுக்கவில்லை. உலகமே அதிர்ந்த முடிவு அது. குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயை அது தடுக்கிறது என்பதற்கு வேறு சான்றுகள் இருந்ததால், பிறந்த குழந்தைக்குப் போடும் வழக்கம் மட்டும் தொடர்ந்தது.

எந்தப் பயனும் கிடைக்கும் என்ற உறுதியில்லாமல் கையை நீட்டி, ஆண்டுக்கணக்கில் சளி மாதிரியும் கொடுத்துவந்த அந்தக் கிராமத்து மக்களை மருத்துவ வரலாறு பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. ‘செங்கல்பட்டு ஆய்வு’ என்று மட்டும் குறிப்பிடுகிறது. அந்த இரண்டரை லட்சம் பேருக்கும் இந்தத் தொடரில் இடம் உண்டு.

டோக்கியோ கேட்ட கேள்வி

காசநோயில் பிசிஜி-யின் மதிப்பு ஆட்டம் கண்ட அதே காலத்தில், புற்றுநோய்ப் பக்கம் அதன் மதிப்பு ஏறிக்கொண்டிருந்தது. 1976-ல் கனடாவின் ஆல்வாரோ மொராலஸ், சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளின் பைக்குள்ளேயே பிசிஜி-யைச் செலுத்தி நல்ல பலன் கண்டார். இன்றும் அந்த சிகிச்சை உண்டு. உயிருள்ள கிருமி ஒன்று புற்றுக்கட்டியின் மேல் உடம்பை ஏவிவிடுகிறது. கிருமியின் எந்தப் பகுதி அதைச் செய்கிறது?

ஜப்பானின் தேசிய சுகாதார நிறுவனத்தில் தோகுநாகா, யாமாமோதோ ஆகியோரின் குழு பிசிஜி-யைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தது. பலரும் எதிர்பார்த்தது கிருமியின் மேல்தோல் வேலை செய்யும் என்று. 1984-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. பிரித்த பகுதிகளில் ஒன்று எலிகளின் கட்டியை எதிர்த்தது. அதில் பெரும்பங்கு பிசிஜி-யின் டிஎன்ஏ. டிஎன்ஏ-வை அரிக்கும் நொதியைச் சேர்த்தால் அந்த ஆற்றல் குன்றியது.

அந்நாளில் இதை நம்புவது கடினம். டிஎன்ஏ என்பது எல்லா உயிருக்கும் பொதுவான நான்கெழுத்து ஏடு: ஏ, டி, சி, ஜி. அதைப் பார்த்து உடம்பு எப்படிக் கோபம் கொள்ளும்? கோபம் கொள்ளுமானால் தன் டிஎன்ஏ-வைக் கண்டும் கொள்ள வேண்டாமா? குழு விடவில்லை. 1992-ல் அடுத்த முடிவு வந்தது: பாக்டீரியாக்களின் டிஎன்ஏ உடம்பை எழுப்புகிறது, முதுகெலும்புள்ள உயிர்களின் டிஎன்ஏ எழுப்புவதில்லை. ஆய்வகத்தில் கோத்துச் செய்த சிறு துண்டுகளை வைத்து, எந்த எழுத்து வரிசை எழுப்புகிறது என்றும் தேடினார்கள். கிடைத்த ஆறெழுத்துச் சொற்களில் ஒன்று இது: ஏ-ஏ-சி-ஜி-டி-டி.

அந்தச் சொல்லுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. டிஎன்ஏ-வின் இரண்டு இழைகளில் ஏ-க்கு எதிரே டி நிற்கும், சி-க்கு எதிரே ஜி நிற்கும். இந்த ஆறெழுத்துக்கு எதிர் இழையை எழுதி, அதைப் பின்னிருந்து படித்தால் அதே ஏ-ஏ-சி-ஜி-டி-டி வரும். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் சீர்காழியில் பிறந்த ஞானசம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் பதிகத்தை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு எளிதில் பிடிபடும். முன்னும் பின்னும் ஒன்றாகவே ஓடும் வரி.

புள்ளி வைத்ததும் வைக்காததும்

மாலைமாற்று பாதிக் கதைதான். மறுபாதியைக் கண்டவர் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் இருந்த ஆர்தர் க்ரீக். அவர் தேடியது தடுப்பூசியை அல்ல. சிறு டிஎன்ஏ துண்டுகளைக் கொண்டு உயிரணுவின் மரபுக்கட்டளையை மறிக்க முடியுமா என்பது அவர் வேலை. ஒப்பீட்டுக்கென்று வைத்திருந்த, எதையும் செய்யக் கூடாத துண்டுகளே எதிர்ப்பொருள் சுரக்கும் பி உயிரணுக்களைப் பெருகச் செய்தன. வேறொருவர் அதைச் சோதனையின் பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். க்ரீக் அந்தப் பிழையையே பின்தொடர்ந்தார். நூற்றுக்கணக்கான துண்டுகளை ஒப்பிட்டு, 1995-ல் ‘நேச்சர்’ இதழில் விடையை வெளியிட்டார். சி-யை அடுத்து ஜி வரும் இரண்டெழுத்து ஜோடிதான் சாவி. அந்த சி-யின் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக்குழு ஒட்டியிருந்தால் சாவி திரும்பாது.

கங்கைகொண்ட சோழபுரத்தில் கல்வெட்டைப் படிக்க முயன்றவர்களுக்கு ஒரு தடுமாற்றம் நேர்ந்திருக்கும். பழைய கல்வெட்டுகளிலும் ஓலைகளிலும் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைப்பதில்லை. ‘க’ என்று செதுக்கியிருப்பதை இடம் பார்த்து ‘க்’ என்று படிக்க வேண்டும். புள்ளி இல்லாத எழுத்தைக் கண்டதும், இது இன்றைய கை எழுதியதல்ல என்று கண் சொல்லிவிடும்.

நம் உடம்பும் அப்படித்தான் படிக்கிறது. நான்கு எழுத்துகளில் பதினாறு ஜோடிகள் அமையும். சி-ஜி ஜோடி சராசரியாகப் பதினாறில் ஒன்றாக வர வேண்டும். பல பாக்டீரியாக்களில் ஏறத்தாழ அப்படியே வருகிறது. மனித டிஎன்ஏ-வில் அது எதிர்பார்ப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். இருக்கும் சிலவற்றிலும் பெரும்பாலான சி-க்களின் தலையில் மெத்தில் புள்ளி உண்டு. பாக்டீரியா அந்த இடத்தில் புள்ளி வைப்பதில்லை. புள்ளி இல்லாத சி-ஜி அடுத்தடுத்துத் தென்பட்டால், நம் காவலர்களுக்கு அது அந்நியரின் கையெழுத்து.

இதே காலத்தில் சான் டியாகோவில் எயால் ராஸின் குழு மூன்றாவது வழியாக அங்கேயே வந்து சேர்ந்தது. டிஎன்ஏ-வையே தடுப்பூசியாகப் போட்டுப் பார்த்தவர்கள் அவர்கள். வட்ட வடிவ பிளாஸ்மிட் டிஎன்ஏ இரண்டைச் செய்தார்கள்; இரண்டிலும் ஒரே புரதத்துக்கான கட்டளை. ஒன்று எலிகளிடம் வலுவான எதிர்ப்பை உண்டாக்கியது, மற்றது சோம்பிக் கிடந்தது. முதலாவதில் ஆம்பிசிலின் மருந்தைத் தாங்கும் மரபணு ஒன்று அடையாளத்துக்காகச் சேர்க்கப்பட்டிருந்தது. அந்த மரபணுவுக்குள் ஏ-ஏ-சி-ஜி-டி-டி இருந்தது. சோம்பிக் கிடந்த பிளாஸ்மிட்டிலும் அதே ஆறெழுத்தைச் செருகினார்கள், அதுவும் விழித்துக்கொண்டது. 1996-ல் ‘சயன்ஸ்’ இதழில் இது வெளியானது. அந்தக் கண்டுபிடிப்பின் மேல் டைனவாக்ஸ் என்ற நிறுவனம் எழுந்தது.

படிப்பது யார் என்ற கேள்விக்கு 2000-ல் ஒசாகாவிலிருந்து விடை வந்தது. ஷிசுவோ அகிராவின் ஆய்வகம், ஒரு மரபணுவை நீக்கிய எலிகளுக்குப் பாக்டீரியா டிஎன்ஏ-வைக் கொடுத்தது. எலிகள் அசையவில்லை. அந்த மரபணு கட்டும் புரதத்தின் பெயர் டோல் ஏற்பி 9. உயிரணுவின் வெளிச்சுவரில் அது நிற்பதில்லை. உள்ளே, விழுங்கிய கிருமியைச் செரிக்கும் பைக்குள் நிற்கிறது. நம் சொந்த டிஎன்ஏ சாதாரணமாகப் போகாத இடம் அது. ஆகவே தன்னைத் தானே தாக்கிக்கொள்ளும் ஆபத்துக்கு இரண்டு பூட்டுகள்: ஒன்று புள்ளி, மற்றது இடம்.

நீண்ட காத்திருப்பு

எலியில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தவில்லை. டோல் 9 எலிகளில் பல வகை உயிரணுக்களில் இருக்கிறது. மனிதரில் சில வகைகளில் மட்டும். பலன் தரும் எழுத்து வரிசையும் சற்று மாறுகிறது. நுரையீரல் புற்றுநோய்க்கு மருந்தாகக் கொண்டுவந்த, சி-ஜி ஜோடி கொண்ட ஒரு ‘சிபிஜி’ துண்டு, 2007-ல் பெரிய சோதனைகளில் பலன் காட்டாமல் நிறுத்தப்பட்டது. நோயாளிகள் நம்பி வந்த சோதனை அது. தோல்வி பலரைச் சோர வைத்தது.

டைனவாக்ஸ் தடுப்பூசியின் பக்கமே நின்றது. அது எடுத்துக்கொண்டது கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி. பழைய தடுப்பூசி ஆறு மாதத்தில் மூன்று தவணை. முதியோரிடமும் சர்க்கரை நோயாளிகளிடமும் அது சரியாக ஏறுவதில்லை. அதே புரதத்தோடு 22 எழுத்துத் துண்டைச் சேர்த்து, ஒரு மாத இடைவெளியில் இரண்டே தவணை போட்டார்கள். 2008-ல் சோதனையில் ஒருவருக்குத் தன்னுடல் தாக்கும் அரிய நோய் தென்பட்டதும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சோதனைகளை நிறுத்தி வைத்தது. பிறகு 2013-லும் 2016-லும் அனுமதி தர மறுத்து, கூடுதல் விவரம் கேட்டது. நலமாக இருப்பவர்களுக்குப் போடும் ஊசி ஆயிற்றே, அந்தக் கண்டிப்பு தேவைதான்.

கடைசிப் பெரிய ஆய்வில் 8,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். காப்பளிக்கும் அளவுக்கு எதிர்ப்பொருள் பெற்றவர்கள் புதியதில் 95.4 சதவீதம், பழையதில் 81.3. சர்க்கரை நோயாளிகளிடம் வேறுபாடு இன்னும் பெரிது: 90-க்கு 65. 2017 நவம்பரில் அந்தப் புதிய தடுப்பூசி ஹெப்லிசாவ்-பி என்ற பெயரில் அனுமதி பெற்றது. தோகுநாகாவின் முதல் கட்டுரைக்கும் அந்த நாளுக்கும் இடையே 33 ஆண்டுகள்.

ஹைதராபாத் வழியாக

கொரோனா வந்தபோது இந்தத் துண்டு தயாராக இருந்தது. ஹூஸ்டனில் பீட்டர் ஹோடெஸ், மரியா எலேனா போட்டாஸி ஆகியோரின் குழு, பழைய சார்ஸ் நோய்க்காகத் தொடங்கிய வேலையின் தொடர்ச்சியாக, கொரோனா முள்ளின் நுனிப் புரதத்தை ஈஸ்ட்டில் வளர்க்கும் முறையை உருவாக்கியது. அதற்குக் காப்புரிமை கோரவில்லை. ஈஸ்ட்டில் புரதம் வளர்ப்பது பல நாடுகளுக்குத் தெரிந்த தொழில். ஹெபடைடிஸ் பி ஊசி வருவதே அப்படித்தான். ஆனால் அந்தச் சிறு புரதம் தனியாகப் போனால் உடம்பு பெரிதாகப் பொருட்படுத்தாது. பயலாஜிக்கல் ஈ அதற்கு இரண்டு அனுபானங்களைக் கூட்டியது: கிளென்னியின் வழிவந்த அலுமினியம், தோகுநாகாவின் வழிவந்த டிஎன்ஏ.

2021 ஜூனில் மத்திய அரசு 30 கோடி தவணைகளுக்காக 1,500 கோடி ரூபாய் முன்பணம் ஒதுக்கியது. நாட்டின் 33 இடங்களில் 3,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதனை நடந்தது. கோவிஷீல்டு உண்டாக்கிய எதிர்ப்பொருளோடு இதை ஒப்பிட்டு அளந்த ஆய்வு அது. நோய் எத்தனை பேருக்கு வராமல் தடுத்தது என்று நேரடியாக எண்ணியதல்ல. 2021 டிசம்பர் 28 அன்று அவசரகால அனுமதி கிடைத்தது.

அதற்கு ஆறு நாள் கழித்து, 2022 ஜனவரி 3 முதல், 15 முதல் 18 வயது வரையுள்ளவர்களுக்குக் கோவாக்சின் போடத் தொடங்கினார்கள். அதிலும் படிகார வழி அலுமினியம் உண்டு. அதன் மேல் ஒரு சிறு மூலக்கூறு ஒட்டப்பட்டிருந்தது. அது டோல் 7, டோல் 8 ஏற்பிகளைத் தட்டுவது. அந்த இரண்டும் கிருமிகளின் ஆர்என்ஏ-வைப் படிக்கும் காவலர்கள். அக்காவுக்குக் கோவாக்சின், தம்பிக்குக் கோர்பிவாக்ஸ் என்று போட்டுவந்த வீடுகள் மீன்சுருட்டியிலும் சுற்று ஊர்களிலும் உண்டு. அக்காவின் உடம்பில் ஆர்என்ஏ காவலர்கள் எழுப்பப்பட்டார்கள். தம்பியின் உடம்பில் டிஎன்ஏ காவலர்.

தம்பிக்குப் போன அந்தத் துண்டின் 22 எழுத்துகளையும் எழுதிப் பார்க்கலாம்: டி-ஜி-ஏ-சி-டி-ஜி-டி-ஜி-ஏ-ஏ-சி-ஜி-டி-டி-சி-ஜி-ஏ-ஜி-ஏ-டி-ஜி-ஏ. நடுவில், ஒன்பதாம் எழுத்திலிருந்து பதினான்காம் எழுத்து வரை, ஏ-ஏ-சி-ஜி-டி-டி நிற்கிறது. டோக்கியோவில் 1992-ல் கண்டெடுத்த அதே சொல். அதை ஒட்டியே இன்னொரு சி-ஜி. இரண்டிலும் புள்ளி இல்லை.

அந்தப் பிள்ளைகளின் இடது தோளில் பிறந்தபோது போட்ட பிசிஜி-யின் தழும்பு வட்டமாகத் தெரியும். 2022-ல் போட்ட ஊசி தழும்பு எதையும் விடவில்லை.

(தொடரும்)

அடுத்த இதழில்: அகமதாபாத்தில் உருவாகி, 2021 ஆகஸ்டில் அனுமதி பெற்று, ஊசியே இல்லாமல் தோலுக்குள் செலுத்தப்பட்ட டிஎன்ஏ தடுப்பு மருந்து சைகோவ்-டி.